அடிச்சவ கையில மைக்

“எம்மகளை அறைஞ்ச பிள்ளை கையில மைக்கைக் கொடுத்து உக்கார வச்சிருக்கீங்களே, இது நல்லாவா இருக்கு டீச்சர்?”

கனகராஜ் வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கமுந்திங் தொழிற்சாலையிலிருந்து நேராகப் பள்ளித் திடலுக்கு வந்திருந்தார்.

வலைப்பந்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. போன வாரம் பந்தைத் தவறவிட்டதற்காக அவர் மகள் ஷர்மினியைக் கன்னத்தில் அறைந்த தினேஸ்வரி, ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்டத்தை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பந்து... பந்து போகுது... போச்சு.”

“அது பரிசு இல்லண்ணே, தண்டனைதான்,” என்றார் பயிற்சி கொடுக்கும் விமலா டீச்சர். “யாரு என்ன செய்றாங்க, அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். நல்லா சொல்லப் பழகுனாத்தான் மறுபடி ஆட்டத்துல சேர்ப்பேன்.”

“ரோத்தான் பிரம்ப எடுத்து ரெண்டு போட்டா தன்னால அடங்கிட்டுப் போவுது!”

“ரோத்தான் அவளுக்குப் புதுசு இல்லண்ணே. ஏம்மா அடிச்சேன்னு கேட்டா முழிக்கிறா. சொல்றதுக்கு வார்த்தை இல்ல, கை முந்திக்குது.”

“கேக்க நல்லாத்தான் இருக்கு லா. நாளைக்குத் திரும்பவும் யாரையாச்சும் அடிச்சா?”

“அடிக்க மாட்டா.”

சொல்லிவிட்டு டீச்சர் விசிலை ஊதினார். கனகராஜ் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

நாள் போகப் போக மைக்கில் வார்த்தை கூடியது.

“கவித்ரா முந்திட்டா. ஆனா திரும்பித் திரும்பிப் பாக்குறா. பதட்டமா இருக்குபோல.”

ஒருநாள் ஷர்மினி மறுபடியும் பந்தைக் கோட்டைவிட்டாள்.

“ஷர்மினி பந்த விட்டுட்டா...” தினேஸ்வரி அவள் கையை உற்றுப் பார்த்தாள். “வேணும்னு விடல. கை நடுங்குது. எல்லாரும் பாக்குறாங்கன்னு வெக்கம்.”

ஷர்மினி திரும்பிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்துக் கச்சான் கடலையைக் கொறித்தபடி பஸ்ஸுக்கு நின்றார்கள்.

தைப்பிங்கில் போட்டி. தினேஸ்வரியும் அணியில் இருந்தாள். மழை விட்டதும் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். தரை இன்னும் ஈரம்.

எதிரணிப் பெண் ஒருத்தி தினேஸ்வரியை முழங்கையால் இடித்துப் பந்தைப் பறித்தாள். தினேஸ்வரியின் விரல்கள் மடங்கின. பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். விமலா டீச்சர் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

தினேஸ்வரியின் உதடு அசைந்தது.

“கோவம் வருது. ரொம்பக் கோவம். பந்து அவகிட்ட இருக்கு. ஓடிப் போயி மறிக்கணும்.”

ஓடினாள். மறித்தாள். பந்து திரும்பவும் அவள் கைக்கு வந்தது.

“பரவால்லையே!” என்றார் பெற்றோர்களோடு நின்ற கனகராஜ், தன்னை மறந்து.

அடுத்த நிமிடமே ஷர்மினி வழுக்கி விழுந்தாள். கால்முட்டியில் ரத்தம். நடுவர் அதைக் கவனிக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

“யோவ், கண்ணு தெரியலயா உனக்கு?”

குடையை ஓங்கிக்கொண்டு கனகராஜ் திடலுக்குள் பாய்ந்தார். நடுவர் இரண்டடி பின்வாங்கினார். சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்தன. விமலா டீச்சர் ஓடி வருவதற்குள் தினேஸ்வரி கனகராஜின் எதிரே போய் நின்றாள்.

“அங்கிள், நெஞ்சு படபடன்னு அடிக்குதா?”

“தள்ளு நீ!”

“எனக்கும் அப்படித்தான் அடிக்கும் அங்கிள். நான் எல்லாத்தையும் கோவம்னே நெனச்சுக்குவேன். உங்களுக்குக் கோவம் இல்ல. ஷர்மினி விழுந்ததும் பயந்துட்டீங்க. அவ எந்திரிச்சிட்டா, அங்க பாருங்க.”

கனகராஜ் பார்த்தார். ஷர்மினி நொண்டிக்கொண்டே அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

குடை மெல்லத் தாழ்ந்தது.

“மாஃப்... மாஃப்...” என்று நடுவரிடம் முனகலாக மன்னிப்புக் கேட்டார். பிறகு ஈரத்தரையிலேயே மண்டிபோட்டு, கைக்குட்டையால் மகளின் முட்டியைத் துடைத்தார்.

“ஆமாம்மா. அப்பா பயந்துதான் போயிட்டேன்.”

ஷர்மினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பயந்து அவள் பார்த்ததே இல்லை.

“அப்போ, வீட்ல என்மேல கத்துறப்பல்லாம்... பயந்துபோயித்தான் கத்துறீங்களாப்பா?”