முனை மனைக் கடுகுக்கீரை

"ஒரு பிடி கீரைக்கா பிரதர் இவ்வளவு கஞ்சத்தனம்?"

அர்லெட்டாவின் கேள்விக்கு ஹார்லன் நிமிர்ந்து மட்டும் பார்த்தார். டெட்ராய்ட்டின் அந்தப் பெரிய சாலை முனையில், தம் காலி மனையில் தளதளவென்று வளர்ந்திருந்த கடுகுக்கீரையை வேரோடு பிடுங்கிக் கறுப்புப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தார்.

போன கோடையிலும் இதே கதைதான். விதைப்பார், தண்ணீர் விடுவார், ஓர் இலைகூட யாருக்கும் தராமல் மூட்டை கட்டிவிடுவார். போதாததற்குச் சுற்றிலும் கம்பிவேலி வேறு.

"நாளைக்கு என் வீட்டுக்காரர் லூஷியஸோட நினைவு நாள். சர்ச்சுல எல்லாருக்கும் சாப்பாடு. வான்கோழிக் காலோட வெந்த கடுகுக்கீரைன்னா அவருக்கு உயிர்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர். அதான் கடையில வாங்கி வெச்சிருக்கேன். வண்டியில ரெண்டு பெட்டி இருக்கு, எடுத்துக்குங்க."

"கடைக்கீரையா? இதை விக்கப்போறீங்களா?"

"இல்ல."

"நீங்களாவது சாப்பிடுவீங்களா?"

"இல்ல."

"பின்ன, மூட்டைக்குள்ள வெச்சு அழகு பார்க்கவா? அவரோட சேர்ந்து மீன் பிடிச்சவருதானே நீங்க? அவர் குணத்துல கால்வாசியாவது ஒட்டியிருக்கக் கூடாதா? கார் சக்கரத்துலேருந்து ரோட்டோரம் விழற ஈயத்துண்டைப் பொறுக்கிட்டு வந்து, இதே மனையில அடுப்பு மூட்டி உருக்கி, தூண்டிலுக்குக் குண்டு வார்த்துத் தெரு முழுக்கச் சும்மா கொடுத்தாரு."

"ஆமா. அவர் கொடுத்தது என்கிட்ட இன்னும் இருக்கு."

அர்லெட்டா வேலியிடுக்கில் கையை நுழைத்து ஒரு கொத்தைப் பறித்தார். ஹார்லன் விரைந்து வந்து, அவர் விரல்களிலிருந்து அதை மெல்ல விடுவித்துப் பைக்குள் போட்டார்.

"கையை நல்லாக் கழுவிடுங்க, சிஸ்டர்."

"ஏன், உங்க கஞ்சத்தனம் ஒட்டிக்குமா? இருங்க, நாளைக்குச் சாப்பாட்டுல எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லுங்க."

அப்போது நகராட்சியின் நச்சுக்கழிவு வண்டி ஓரமாக வந்து நின்றது. கையுறை அணிந்த ஒருவர் இறங்கினார்.

"ஈயம் ஏறின கீரை இவ்வளவுதானா, சார்?"

"இந்தத் தடவை இவ்வளவுதான். அடுத்த விதைப்பு உறிஞ்சி எடுக்கவும் மண்ணுல ஈயம் மிச்சம் இருக்கு."

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டி நகர்ந்தது. அர்லெட்டா தம் விரல்களைப் பார்த்தார். பிறகு, மனையின் நடுவே இன்னும் கருகிக் கிடந்த அந்த வட்டத்தைப் பார்த்தார். லூஷியஸின் அடுப்பு இருந்த இடம்.

விரல்களைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

"மண்ணுல ஈயம் எப்படி வந்ததுன்னு நகராட்சிக்காரங்க கேக்கலையா, பிரதர்?"

"கேட்டாங்க. ரோட்டுப் புழுதின்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் ஹார்லன். "தெருவுல ஈயம்னு வாயைத் திறந்தா, அந்த அடுப்பு எல்லாருக்கும் ஞாபகம் வந்துடும், சிஸ்டர்."