காவல் முறை

ஜாமீன் கிடைத்து யுவராஜ் மலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, அவன் வீட்டு வாசலில் ஆள் இல்லாத நேரமே இல்லை.

விடிந்தால் பக்கத்து வீட்டுப் பாவாயி.

"கண்ணு, ஒரு தீப்பெட்டி குடேன்."

"உங்க ஊட்டுல கேஸ் அடுப்புதானுங்களே?"

"கேஸ் தீந்துபோச்சு சாமி."

"நேத்துத்தான சிலிண்டர் எறக்குனாங்க?"

"அது வந்து... அடுப்பு தீந்துபோச்சு!"

வாங்கினவள் போக வேண்டியதுதானே? வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆட்டுக்கு வந்த பேதியில் ஆரம்பித்து மருமகளுக்கு வந்த கோபம் வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, தீப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போவாள்.

அவள் தலை மறைந்ததும் மினிபஸ் கண்டக்டர் பூபதி. வீட்டுக்குள் வந்தாலும் அவனுக்குப் பஸ்ஸுக்குள் வந்த நினைப்புதான்.

"போலாம் ரைட்ட்ட்! யுவா, போன்ல சார்ஜ் சுத்தமா இல்ல. கொஞ்சம் சொருகிக்கிறேன். உள்ள போ, உள்ள போ, வழிய மறிச்சு நிக்காத!"

சொருகின போனில் சார்ஜ் ததும்பிக்கொண்டிருக்கும்.

சரி, கிணற்றடிக்காவது போகலாம் என்றால் அங்கே இரண்டு பேர் பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். உச்சி வெயிலில்!

மிளகுக் கொடியைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனால் வேலிக்கு அந்தப் பக்கம் மணிவண்ணன். இதைத்தான் யுவராஜால் தாங்க முடியவில்லை. வரப்புத் தகராறில் மண்வெட்டிக் காம்பால் யுவராஜ் பிளந்தது இந்த மணிவண்ணனின் மண்டையைத்தான். அந்தக் கேஸில்தான் ஜெயில். மற்றவர்களாவது பேசுவார்கள். இவன் பாறைமேல் உட்கார்ந்து, சுட்ட பலாக்கொட்டையைக் கொறித்துக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"பாத்தியா சங்கீதா?" யுவராஜ் மனைவியிடம் பொருமினான். "ஜெயிலுக்குப் போனவன் கை சும்மா இருக்காதுன்னு ஊரே வேவு பாக்குது. ஜெயில்லகூட சாயங்காலம் தலைய எண்ணிட்டு வுட்டுருவாங்க. இங்க நிமிசத்துக்கு நிமிசம் எண்றாங்க!"

சங்கீதா மாத்திரையையும் தண்ணீர்ச் சொம்பையும் நீட்டினாள். "மொதல்ல இதைப் போடுங்க."

ஜெயிலில் தூக்கம் போனபோது மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. அங்கே ஆலோசகராக இருக்கும் ஸ்டெல்லா மேடம் இப்போதும் வாராவாரம் போனில் பேசுவார். ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி நிறுத்தி நிதானமாக.

"சொல்லுங்க யுவராஜ். தூங்கினீங்களா? மனசுல என்ன ஓடுது?"

"இந்த ஊர்ல இருக்கப் புடிக்கலீங்க மேடம். எல்லாரும் என்னைத் திருடனாட்டம் பாக்குறாங்க. திருப்பூருக்கே போயிறலாம்னு இருக்கேன். அங்க என்னை யாருக்கும் தெரியாதுங்க. ஒண்டியா கெடப்பேன்."

"போறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல அவங்ககிட்ட வாய் திறந்து கேட்டீங்களா? கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களேன்னு உள்ளுக்குள்ள ஓட்டாதீங்க. கேட்டுடுங்க."

கேட்கிற நாளும் வந்தது.

மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்குகிற காலம். வழக்கம்போல் காலையில் ஊர் கூடி, எந்த வீட்டு ஆள் என்றைக்குப் பரண் காவலுக்குப் போவது என்று முறை பிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் அர்த்தனாரிக்கு ஏலக்கடைத் தொண்டை.

"திங்கக்கெழமை பூபதீஈஈ! செவ்வாக்கெழமை பாவாயி ஊட்டுக்காரரூஊஊ!"

ஊரில் உள்ள எல்லா வீடும் வந்தது. யுவராஜ் வீடு மட்டும் வரவில்லை.

எழுந்தான். "ஏனுங்க, என் பேரு எங்கீங்க?"

ஏலத் தொண்டை சட்டென்று இறங்கிவிட்டது. "அது... அடுத்த வருசம் பாத்துக்கலாம் கண்ணு."

"ஏனுங்க? கெழங்கைப் புடுங்கி வித்துருவேன்னா? நான் மொளகு திருடுனனா, ஆடு திருடுனனா? கோவத்துல ஒருத்தனை அடிச்சேன். தப்புதான். அதுக்காக என்னையே காவல் காப்பீங்களா? காவல் முறை இல்லாதவன் இந்த ஊர்க்காரனே இல்லீங்க. நாளைக்கே மூட்டை கட்டுறேன்!"

பூபதி போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான்.

சங்கீதாதான் எழுந்தாள்.

"ஜெயில்ல உசுரை மாச்சிக்கப் பாத்தீங்களே... ஸ்டெல்லா மேடம் உங்களைக் கேட்டுக்கிட்டுத்தான அதை எங்கிட்டச் சொன்னாங்க? தனியா மட்டும் வுட்ராதீங்கன்னாங்க. நான் கூலிக்குப் போனா உங்களை யாருங்க பாக்குறது? ஊர்க்கவுண்டர் ஊட்டுல போயி அழுதேன். உங்ககிட்டச் சொல்லாம ஊர்ல சொன்னது என் தப்புத்தான். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

யுவராஜ் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

"அப்ப, பரண் காவலுக்கு என்னைய வுட்டது...?"

"ராத்திரி பூராவும் ஒண்டியா உக்காரணும்ல சாமி," என்றார் ஊர்க்கவுண்டர். ஏலமே விடத் தெரியாத குரலில்.

"மொதல் ஆளா உங்களைப் பாத்துக்குறேன்னு வந்தது யாருன்னு கேளுங்க," என்று சங்கீதா கூட்டத்தின் கடைசியைக் காட்டினாள்.

அங்கே மணிவண்ணன், தலைத் தழும்பைச் சொறிந்துகொண்டு எழுந்தான். அடிபட்ட நாளுக்கு அப்புறம் இப்போதுதான் யுவராஜிடம் வாயைத் திறக்கிறான்.

"முறையில உம் பேரு இல்லேன்னு எவன்டா சொன்னான்? இருக்குது. காக்குற ஆளாத்தான் இல்ல. இந்த வருசம் நீதான்டா வெள்ளாமை!"