ஐந்து ஆண்டுகளுக்குப் பின்

ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. ஜன்னலோரம் ஜினிஷா பிரதியிடல் முறையில் கணக்குப் போடுகிறாள். தந்தையின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்கு; ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இருவர் வயதையும் கூட்டினால் எழுபது. x இருக்கும் இடத்தில் 3y எழுதுகிறாள். மகளுக்குப் பதினைந்து வருகிறது, தந்தைக்கு நாற்பத்தைந்து. போன வாரம் விபத்தில் இறந்த அப்பா, அவளுடைய நைனா, அன்று மாட்டிக்கொள்ளாமல் போன ஹெல்மெட் ஆணியிலேயே தொங்குகிறது. அதன் கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. “இருட்டறதுக்குள்ள ஒரு வாய் சாப்டுடி,” என்கிறாள் அம்மா உள்ளிருந்து. “சரிபாக்கணும்மா. அதுக்கும் மார்க் இருக்குது.” பேனாவை உதறிவிட்டு எழுதுகிறாள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மகளுக்கு இருபது, தந்தைக்கு ஐம்பது. கூட்டிப் பார்க்கிறாள். சரியாக வருகிறது.