தொட்டியோர இடுக்கு

குளியல் தொட்டியில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்துவிட்டு டைல்ஸ்காரர் செல்வின் சற்று நேரம் சும்மா நின்றார். பிற்பகல் வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையெங்கும் நெளிந்தது. அறையே எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. நின்றபடி குளிக்க முடியாத மனைவிக்காக வீட்டுக்காரர் கிருபாகரன் போடச்சொன்ன தொட்டி அது.

"குளிக்கிறவங்க எடையும் உள்ள இருக்கணும் சார். பாரம் ஏறினா தொட்டி லேசா இறங்கும், சுவரோரம் இடுக்கு விரியும். அப்பதான் சிலிக்கான் பசை அடிக்கணும். இல்லன்னா பின்னாடி பிச்சுக்கிட்டு தண்ணி உள்ள போயிடும். மேடம் எத்தனை கிலோ?"

"முப்பத்தெட்டு. போன மாசம் நாப்பத்தொண்ணு."

மீந்த டைல்ஸ் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. செல்வின் பத்தொன்பதைத் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் படுக்கவைத்தார். தூக்கத்தில் இமை பிரிவதுபோல் இடுக்கு விரிந்தது. பசைக் குழாயை எடுத்தார்.

"இருங்க. நாளைக்கு அவ எடை ஏறிட்டா?"

"இடுக்கு இன்னும் விரியும் சார். இந்தப் பசை தாங்காது."

கிருபாகரன் கதவோரம் கிடந்த டைல்ஸை வாரிக்கொண்டு வந்தார். "அப்ப அறுபது வைங்க. உடம்புக்கு வர்றதுக்கு முன்னாடி அவ அறுபது."

முப்பதாவது டைல்ஸ் இறங்கியபோது பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அறுபத்திரெண்டு. உங்ககிட்ட குறைச்சுச் சொல்லியிருந்தேன்."

செல்வின் இன்னொன்றை எடுத்துக் கிருபாகரனிடம் நீட்டினார். முழங்கை வரை சட்டை நனைய அவர் அதை உள்ளே இறக்கினார். இடுக்கு இன்னும் ஒரு மயிரிழை விரிந்தது.