ரொட்டி இரண்டு

தேவாலாவில் மழை விட்டபாடில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியின் தகரக் கூரை அதிர, எடை எந்திரத்தின் முள் அறுபத்தெட்டில் நின்று நடுங்குகிறது. போன மாதம் அறுபத்தேழு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூடைக் கயிறு பதிந்த நெற்றியோடு தோட்டத் தொழிலாளி சின்னம்மை எந்திரத்திலிருந்து இறங்கி, வீங்கிய முழங்காலைத் தடவிக்கொள்கிறாள். இரண்டு மாதத்தில் மூன்று கிலோவாவது குறையாவிட்டால் அவளால் மேட்டில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. அதற்காகத்தான் ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி என்று கணக்குப் போட்டு, வேளைவாரியாகச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். “ஏனுங்க, சீட்டுல இருக்கறதத்தான் சாப்புடறீங்களா?” “அதேதான் மிஸ்ஸி.” அவள் பிறந்து வளர்ந்த இலங்கைத் தோட்டத்தில் நர்சை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மடியிலிருந்து எடுத்த சீட்டில் மஞ்சள் கறை, ஜன்னல் வெளிச்சத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. “காலைல ரொட்டி ரெண்டு, ராவைக்கு ரொட்டி ரெண்டு.” “எத்தனை பெருசுங்க?” அவள் இரு கைகளாலும் தட்டளவு வட்டம் காட்டுகிறாள்; பிறகு ஒரு விரலைப் படுக்கவைத்துக் கனம் காட்டுகிறாள். “கோதும மாவுல தேங்காப்பூ போட்டுச் சுடுறது.” என் பேனா மேசையில் விழுந்து உருள்கிறது. “நான் எழுதுனது பேக்கரி ரொட்டிங்க. துண்டு போட்டு விப்பாங்களே, அது.” “அது பாண் மிஸ்ஸி.” இப்போது அவள் குரலிலும் சலிப்பு. “பாண்னு எழுதியிருக்கலாமே. நான் எப்பவும் ஒரு ரொட்டிதான் தின்பேன். கால் நல்லாகணுமேன்னு ரெண்டாவதத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்குனேன்.”