இரவல் பெயர்

“பேரை மட்டும் இரவல் வாங்கக் கூடாது, வாங்கினா…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் டெய்லருக்கு மறந்துபோயிற்று.

அவர் வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது தம்பியின் பெயரைச் சொன்னார். போன் நம்பருக்குக் கடை நம்பர்.

பின்னே? ‘குடிகாரன் துணியைக் கையால தொட மாட்டேன்’ என்று தெருவே கேட்க முழங்கியவர். அவரே ஈரல் டாக்டரிடம் போகிறார் என்று தெரிந்தால் சும்மா விடுவார்களா? தம்பி ஒரு காலத்தில் குடித்தவன். விட்டு வருஷக்கணக்கானாலும் ஊர் மறக்கவில்லை.

“ஈரல் சுருங்குதா? நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை டாக்டர்!”

“குடி மட்டுமா காரணம்? சர்க்கரை, தொப்பை, எப்பவோ வந்த காமாலைக் கிருமி… எதுவும் ஈரலைத் தழும்பாக்கிடும். வலிகூடத் தெரியாது. இப்பவே பார்த்தா மேல பரவாம தடுக்கலாம். ரத்தம் டெஸ்ட் பண்ணணும், அடுத்த வாரம் வாங்க.”

அவர் போகவில்லை.

ஆனால் அன்று வரிசையில் இருந்த யாரோ அந்தப் பெயரைக் காதில் வாங்கிவிட்டார்கள். தெரு முழுக்கப் பேச்சு.

“ஈரல் என்ன ரப்பரா, ஊத்த ஊத்தத் தாங்க?” என்று பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் தம்பியின் முகத்துக்கு நேரேயே கேட்டார். தம்பி சிரித்துவிட்டு, சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்தான்.

விபரீதம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பீஸில்தான் துணி வெட்டுவார்கள். அப்படித் தைத்த சாம்பல் பேன்ட் ஒன்றின் இடுப்பைத் தம்பி பிரித்துத் தளர்த்திக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் அதே பேன்ட் மறுபடி மிஷினில். அடுத்து ஒரு சட்டை. வயிற்றில் அகலம் விட்டு, தோளில் பிடித்திருந்தான்.

வயிறு உப்புகிறது, தோள் வற்றுகிறது. டெய்லர் கத்தரியைக் கீழே வைத்தார். பெயரைத் தேடிப் போய் நோய் தம்பியிடம் உட்கார்ந்துவிட்டதா?

ஒரு மத்தியானம், கொடியில் தொங்கிய சட்டைகளின் இடுக்கில் இரண்டு கண்கள் அவரையே பார்த்தன. மஞ்சள் மஞ்சளாக.

“டேய், கண்ணெல்லாம் என்னடா இப்படி!”

“நான் இங்க இருக்கேண்ணா.” குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

டெய்லர் சட்டைகளை விலக்கினார். சட்டைகளுக்குப் பின்னால் அளவு பார்க்கும் நிலைக்கண்ணாடி.

“அப்போ… அந்த பேன்ட்?”

“உன்னோடதுதான். இறுக்குதுன்னு நீ வாயைத் திறக்க மாட்டே. பார்க்கிறவங்களுக்குத் தெரிய வேணாம்னு நான்தான் தளர்த்தி வைச்சேன்.”

“உனக்கு எப்படிடா…”

“டெஸ்டுக்கு ஏன் வரலைன்னு ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன் வந்துச்சு. என் பேரைக் கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்.”

டெய்லர் சட்டைகளை இழுத்துக் கண்ணாடியை மறைத்தார்.

“என் பேரை நீயே வைச்சுக்கோண்ணா. ஆனா டெஸ்டுக்கு ரத்தம் நான் கொடுத்தா, உனக்கு ஒண்ணுமே இல்லைன்னு வந்துடும்.”

செருப்புக் கடைக்காரர் உள்ளே தலையை நீட்டினார். “என்ன, உன் தம்பி இன்னும் குடியை நிறுத்தலையா?”

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி வைத்தார். “சீக்கு எனக்கு” என்று அவரிடம் சொல்லிவிட்டு, சொந்தப் பெயரில் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.