தடிச் சத்தம்

"எங்க கம்பெனிக்கு ஒரே எதிரி, கீழ இருக்காரு" என்று தரையைக் காலால் உதைத்துக் காட்டினான் டென்சில்.

தாராவியில் ஒரு மாடி அறை. அதுதான் 'தடி ரெக்கார்ட்ஸ்'. உலகத்தை எதிர்த்து நரம்பு புடைக்கக் கத்துகிற பங்க் பாட்டுகளை கேசட் போட்டு விற்கிற கம்பெனி. முதலாளியும் பாடகனும் டென்சில்தான். கம்பெனியின் வரலாற்றைப் படம் எடுக்க மாஹிமிலிருந்து கேமராவோடு வந்திருந்தாள் உமைரா.

"அது என்ன 'தடி'ன்னு பேரு?"

"கீழ பேக் தைக்கிற பட்டறை. இனாயத்துல்லா பாய். நாங்க கிட்டாரைத் தொட்டாப் போதும், தடியால மேல இடிப்பாரு. பத்து வருஷமா இதே தாதாகிரி! விடுவோமா? அந்த இடியையே பாட்டுல சேர்த்தோம், கம்பெனிக்கும் அதே பேரை வச்சோம். அவரைத் திட்டியே ஒரு கேசட் இருக்கு."

டிரம் அடிக்கிற சேசுராஜ் சொன்னான்: "படத்துல அவருதான் வில்லன். மூஞ்சியப் பெருசாக் காட்டுங்க. உலகமே காறித் துப்பணும்."

"கீழ அத்தனை மெஷின் ஓடுது. உங்க பாட்டுல அந்தச் சத்தமே இல்லையே?"

"நாங்க கத்துனா அதெல்லாம் பயந்து ஏக்தம், ஒரேயடியா அடங்கிரும்!"

டென்சில் கிட்டாரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

டொம்! டொம்!

"கேட்டீங்களா? போங்க, தடியும் கையுமாப் பிடிங்க!"

உமைரா கீழே ஓடினாள். மெஷின்கள் நின்றிருந்தன. தைக்கிற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் இனாயத்துல்லா கையில் தடி.

"சாச்சா, அந்தப் பசங்க மேல அவ்வளவு கோவமா?"

"கோவமா? எதுக்கும்மா?"

"தடியால இடிக்கிறீங்களே!"

"அதுவா? மெஷின் ஓடுனா அவங்க பாட்டுல கடகடன்னு விழுமே. நிறுத்திட்டேன், பாடுங்கன்னு தட்டுதேன். மாடி ஏற முட்டி விடமாட்டேங்குது. அவங்களும் காதுல எதையோ மாட்டிக்கிட்டே போவாங்க, ஒரு வார்த்த பேச முடியாது." பெரியவர் சிரித்தார். "என்ன பாடுதாங்கன்னுதான் விளங்கல. நல்லதாத்தான் இருக்கும்."

"சீக்கிரம் கத்தி முடிக்கச் சொல்லும்மா, ஆர்டர் கெடக்கு" என்றாள் தையல்கார ராபியா.

உமைரா மேலே வந்து கேமராவில் இருந்ததை அப்படியே போட்டுக் காட்டினாள்.

சேசுராஜ் டிரம் குச்சிகளைக் கீழே வைத்தான். டென்சில் பிடரியைச் சொறிந்தான்.

"நல்ல மனுசன்ல?" என்றான் மெதுவாக.

"அப்போ இதையே படத்துல வச்சிருவோம்" என்றாள் உமைரா.

கீழேயிருந்து மறுபடியும் டொம், டொம். ஏன் இன்னும் பாடவில்லை என்று கேட்கிற மாதிரி.

"ஐயோ, வேணாம்!" டென்சில் பதறினான். "எதிரி இல்லேன்னா எங்களுக்கு ஏதுங்க வரலாறு? அவரு தடியோட நிக்கிறதை மட்டும் வச்சுக்கிட்டு, பேச்சைக் கட் பண்ணிருங்க."